பெத்துராஜ் அண்ணாச்சியின் இருபது சதவீதம்

சங்கரன்கோவிலில் சோப்பு ஏஜென்சி வைத்திருக்கும் பெத்துராஜ், எந்தக் கடைக்காரருக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறாரோ, அந்தக் கடைக்காரர் கண்ணுக்கு அத்தனை சதவீதம் குட்டையாகத் தெரிந்தார். ஜிஎஸ்டி வந்த வருஷத்தில் இது தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். பெத்துராஜின் அசல் உயரம் ஆறடி. இரண்டு பெட்டி, மூன்று பெட்டி எடுக்கிற சில்லறைக் கடைகளுக்கு அவர் ஒரு காசும் குறைப்பதில்லை; ஆகையால் அவர்கள் கண்ணுக்கு ஆறடியும் சேதாரமில்லாமல் இருந்தது. ஐம்பது பெட்டிக்காரர்களுக்குப் பத்து சதவீதம். அவர்கள் அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்கள். நூறு பெட்டிக்காரர்களுக்கு இருபது. அவர்கள் அவருடைய வழுக்கையைப் பார்த்துப் பேசினார்கள். வீட்டில் அவர் என்ன உயரத்தில் தெரிந்தார் என்பது பற்றி அவர் மனைவி சண்முகசுந்தரி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பெத்துராஜோ ஆடித்தபசுத் திருவிழா வரும்போதெல்லாம் தன் சொந்தச் செலவில் ஃப்ளெக்ஸ் அடித்து, அதில் ‘விநியோகச் செம்மல்’ என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொள்கிற மனிதர். கோமதியம்மன் சன்னதி தவிர வேறெங்கும் தலை குனிவதில்லை என்பதை விசிட்டிங் கார்டில் அச்சடிக்காததுதான் பாக்கி. எனவே அவர் உயரத்தைக் கணக்கில் மீட்டார். இருபது என்று வாயால் சொல்லுவார். பில்லில் முதலில் பத்தைக் கழித்து, மிச்சத்தில் மறுபடி ஒரு பத்தைக் கழிப்பார். பத்தும் பத்தும் இருபது என்பது பள்ளிக்கூடக் கணக்கு, ஏஜென்சிக் கணக்கில் அது பத்தொன்பதுதான். அந்த ஒரு சதவீதத்தில் காசு எவ்வளவு மிஞ்சியது என்பதைவிட, உயரத்தில் முக்கால் அங்குலம் மிஞ்சியது என்பதுதான் அவருக்கு நிம்மதி. பனவடலிசத்திரத்தில் புதிதாக சூப்பர் மார்க்கெட் திறந்தவர் மட்டும் இதில் ஏமாறவில்லை. சண்டை போட்டு முழு இருபதையும் வாங்கிய அன்றே, பெத்துராஜை குடோன் வாசலில் நிறுத்தி, அவர் உச்சந்தலை எட்டிய இடத்தில் நிலையில் கரிக்கோடு இழுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் பில்லைப் படிப்பதில்லை. முதலாளியை நிற்க வைத்துப் பார்ப்பதோடு சரி.

அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு எதிரேதான் முப்பிடாதியம்மாளின் தகரக் கொட்டகைக் கடை. அவள் என்ன விலைக்கு சோப்பு வாங்கினாளோ, அதே விலைக்கு எதிரே விற்றார்கள். சோப்புக்குப் போனவர்கள் பருப்பையும் எண்ணெயையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். கடன் கேட்க மட்டும் ரோட்டைத் தாண்டி இவளிடம் வந்தார்கள். தை மாதத்துக்குள் அதே விலைக்கு அவளும் விற்க முடியாவிட்டால் கடையை மூடுவதைத் தவிர வழியில்லை. பெத்துராஜ் வசூலுக்கு வந்தால் கடைக்குள் நுழைய மாட்டார். வாசல் தகரம் தாழ்வாக இருந்தது, குனிய வேண்டும். ரோட்டில் நின்றுதான் சத்தம் கொடுப்பார்.

முப்பிடாதியம்மாள் பனவடலிசத்திரத்திலிருந்து கரிவலம்வந்தநல்லூர் வரை பஸ் ஏறி இறங்கி, தன்னைப் போலப் பத்துக் கடைக்காரிகளைச் சேர்த்தாள். எல்லோருக்குமாக நூறு பெட்டி, ஒரே பில். மாதத்தின் கடைசி நாளன்று பதினோரு பேரும் குடோனில் வந்து நின்றார்கள்.

“பதினோரு கடைக்கு ஒத்தப் பில்லா? ஊர்ல இல்லாத வழக்கமால்லா இருக்கு” என்றார் பெத்துராஜ், ஆறடி உயரத்திலிருந்து.

“ஆளு குட்டையாவது மட்டும் ஊர்ல உள்ள வழக்கமாக்கும்?” என்றாள் முப்பிடாதியம்மாள்.

பெத்துராஜ் அவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். இருபத்திரண்டு கண்களில் ஒரே நாளில் குட்டையாவது லேசான காரியமல்ல. ஆனால் கம்பெனி வைத்த மாத டார்கெட் ஒன்று இருந்தது. அதை எட்டாவிட்டால் ஏஜென்சியை ராஜபாளையத்துக்காரருக்கு மாற்றிவிடுவதாகப் பேச்சு. பில் போடும் மைதீன் பாட்சா அவர் காதருகே போய், “அண்ணாச்சி, சரியா நூறு பெட்டிதான் கொறையுது” என்றார். முதலாளியிடம் ஒரு சதவீதம்கூடத் தள்ளுபடி வாங்காதவர் ஆகையால், மைதீன் பாட்சாவுக்கு முதலாளியின் காது எட்டாத உயரத்தில் இருந்தது. ஸ்டூல் மேல் ஏறித்தான் சொன்னார்.

“சரி, இருபது. போடும்வே” என்றார் பெத்துராஜ். மைதீன் பாட்சா வழக்கம்போல் பத்தைக் கழித்து, மறுபடி பத்தைக் கழித்தார்.

முப்பிடாதியம்மாள் பில்லைக் கையில் வாங்கவில்லை. “அந்த வாசல்ல போயி சித்த நில்லுங்க அண்ணாச்சி” என்றாள். அவர் போய் நின்றார். பதினோரு பேரும் நிலையைப் பார்த்தார்கள். சூப்பர் மார்க்கெட்காரரின் கரிக்கோட்டுக்கு மேலே ஒரு சோப்புக் கட்டி கனத்துக்குத் தலை துருத்திக்கொண்டிருந்தது.

“இன்னும் கொறையலையே?”

“அது முடிம்மா. வெட்டி நாளாச்சு.”

“வழுக்கையில ஏது அண்ணாச்சி முடி?”

குடோன் முழுக்கச் சிரிப்பு. பெத்துராஜ் மைதீன் பாட்சாவைப் பார்த்தார். மைதீன் பாட்சா பில்லை அழித்து, இந்த முறை இருபதை ஒரே அடியில் கழித்தார். பிரிண்டர் கறகறவென்று ஓடி முடிப்பதற்குள், பெத்துராஜின் தலை கோட்டுக்கு வந்து நின்றது. பதினோரு பேரும் பணத்தைக் கட்டிவிட்டு லோடு ஆட்டோ பிடிக்கப் போனார்கள்.

அதற்கப்புறம் இரண்டு ஆடித்தபசு வந்துபோனது. எதிர்க்கடை விலையும் இவள் விலையும் ஒன்றானதும், கடன் கேட்டு ரோட்டைத் தாண்டியவர்கள் சோப்பையும் இங்கேயே வாங்கினார்கள். வியாபாரிகள் சங்கத்துக்குப் பெத்துராஜ் தலைவரானபோது, பூச்சந்தையிலிருந்து வந்த மாலைகளை ஆளாளுக்கு ஓர் உயரத்தில் போட்டார்கள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. சிலர் மாலை காற்றில் நின்றதாகச் சொல்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் ‘மாலை அணிவிக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது.

போன மாசி மாதம் பெத்துராஜ் வசூலுக்குப் பனவடலிசத்திரம் வந்தவர், பழக்கத்தில் ரோட்டிலேயே நின்றார். வெயில் தாங்கவில்லை. தகரத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக உள்ளே நடந்தார். அது இருபது சதவீதக் கடை; தகரம் தலையில் படவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு கலர் சோடா கேட்டுக் குடித்தார்.

“இதுக்கு டிஸ்கவுண்ட் உண்டா முப்பிடாதி?”

“ஒத்தப் பாட்டிலுக்கு ஏது அண்ணாச்சி? நூறு எடுங்க, பாக்கலாம்.”

அவர் முழு விலையையும் கொடுத்துவிட்டு எழுந்தார். வெளியே போகும்போதும் குனியவில்லை. குனிய வேண்டியிருக்கவில்லை.