நாளை காலை எல்லாப் பல்லும்

"நாளை காலை உங்கள் பற்கள் அனைத்தும் பிடுங்கப்படும்" என்று பல் மருத்துவமனையின் நோயாளிகள் எல்லோருக்கும் மெசேஜ் போனதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதால் அவனை எல்லோரும் 'சிஸ்டம்' என்றே கூப்பிட்டார்கள். மெசேஜ் ப்ரோக்ராமைச் சோதிக்கிற சாக்கில் தன் போனுக்குத் தானே ஒரு குசும்பு அனுப்பிக்கொள்ள நினைத்தவன், நம்பர் போடும் கட்டத்தைக் காலியாக விட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டான். கட்டம் காலி என்றால் எல்லோருக்கும் அனுப்பு என்று அந்த ப்ரோக்ராமுக்கு அர்த்தம்.

வரவேற்பு மேசை 'மைக்' அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் ரகசியம் பேசினாலே தெருமுனைவரை கேட்கும்.

"யோவ் சிஸ்டம்! ஒரு பெரியவருக்கு வாயில பல்லே இல்லையாம். எதைப் புடுங்கப் போறீங்கன்னு கேட்டு என்னைத் திட்டறார்!"

"இதோ நிறுத்திட்டேன்க்கா."

நிறுத்தத்தான் செய்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்த ப்ரோக்ராம் எழுந்து உட்கார்ந்து, முதல் நோயாளியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. வலுக்கட்டாயமாகக் கொன்றான், மறுபடி எழுந்தது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். அது முன்னைவிட உற்சாகமாக எழுந்தது. எக்ஸ்ரே படங்களும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

"படம் போச்சு!" உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். "இன்னொரு தடவை அதை அணைச்சா, நீயும் அப்படியே வீட்டுக்குப் போயிடு!"

அந்த ப்ரோக்ராமை எழுதியவர், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவன் மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் மழைக்காலத்திலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியிடம் காரணம் கேட்டால், "அண்ணனையே கேளுங்க" என்று முறைப்பாள். அவனுக்கோ வாயைத் திறந்தால் ஜோக்குதான் வரும், கேள்வி வராது.

"அக்கா, இது ஏன் சாகமாட்டேங்குதுன்னு அவரைக் கேளுங்களேன்."

"ஏன் சாகமாட்டேங்குதாம்?"

மச்சான் திரும்பவே இல்லை. "சிலதுங்களுக்கு ரோஷம் கிடையாதுன்னு சொல்லுங்க."

"ரோஷம் கிடையாதாம்."

"எனக்கா, ப்ரோக்ராமுக்கா?"

"பொதுவாச் சொன்னாராம்" என்று சொல்லிவிட்டு, அலறும் போனைப் பார்க்க ஓடினாள் அக்கா.

கையுறையைக்கூடக் கழற்றாமல் டாக்டர் வந்து நின்றார். "நாற்காலியில படுத்திருந்தவருக்கும் மெசேஜ் வந்துடுச்சு. வாயில பஞ்சோட எழுந்து ஓடிட்டார். அடுத்த ஆளை நான் முடிக்கறதுக்குள்ள இது நிக்கணும். இல்லேன்னா நீ கிளம்பணும்."

கதவு அறைந்து மூடியது. சிஸ்டம் தன் நாற்காலியை மச்சான் பக்கம் திருப்பினான்.

"மச்சான், உங்களைத்தான் கேக்கறேன். எப்படி நிறுத்தறது?"

விசைப்பலகைச் சத்தம் நின்றது. மச்சான் முகம் கொடுக்காமலே பேசினார்.

"அது செத்தா எழுப்பிவிட, பின்னாடி ஒரு காவல்காரன் ப்ரோக்ராம் ஓடுது. முன்னாடி அடிக்கடி படுத்துக்குதுன்னு நான்தான் போட்டேன். முதல்ல அவனை நிறுத்துங்க. அப்புறம் இதை."

நிறுத்தினான். மெசேஜையும் நிறுத்தினான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழவில்லை.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னைக் கேட்டீங்களா? அக்காவைத்தானே கேட்டீங்க."

நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கினான்.

"சரி, இப்ப உங்களையே கேக்கறேன். என் மேல என்ன கோபம்?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"மழைக்காலத்துல எனக்குப் பொண்ணு பார்க்கப் போயிருந்தப்ப, 'எங்க மச்சானுக்கு மனுஷங்களோட பேசத் தெரியாது, மெஷினோடதான் குடித்தனம்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சா. அதுக்கப்புறம் அங்கேருந்து ஒரு போன் வரல. எனக்கு அவளைப் பிடிச்சிருந்தது, மாப்பிள்ளை."