கீழ்த் தட்டு

ஸ்டெல்லாமேரி ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். மிருதங்கக்காரர் பலராமனை இன்னும் காணவில்லை. ஒத்திகை முடிந்ததும் அவர் விழுப்புரம் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

ஞாயிறன்று மாதா கோயில் மண்டபத்தில் கச்சேரி. மாதாவின் மேல் அவளே எழுதி மெட்டமைத்த பாட்டைப் பாட வாய்ப்புக் கேட்டிருந்தாள். பலராமன் கேட்டுவிட்டுச் சரி என்றால் பாடலாம், இல்லாவிட்டால் வேறு யாராவது பாடுவார்கள் என்று கச்சேரி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"தரை தேஞ்சிடப் போவுது, உக்காரு" என்றான் அண்ணன் யூஜின். ஜன்னல் வழியே எட்டிக் கீழே பார்த்தான். "அட, கீழ ஜமால் பாய் கிடங்கு வாசல்ல மூட்டை மேல உக்காந்திருக்கறது யாரு? மடியில மிருதங்கம் வச்சிருக்காரே!"

யூஜின் கூப்பிட்டதும் பலராமன் வியர்வையோடு ஏறி வந்தார். தண்ணீரைக் கூடக் குடிக்கவில்லை. "ஆரம்பிங்கம்மா" என்றார்.

அவள் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு தாளம் போட்டாள். யாராவது கையைப் பார்த்தால் அவளுக்குக் குரல் நடுங்கும்.

"கரையே, தாயே..."

"தாயே" என்பதில் ஓர் இழுப்பு. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அவள் "காத்தருள்வாயே" என்று எடுப்பதற்குள் மிருதங்கம் முன்னே போயிருந்தது. மறுபடி பாடினாள். மறுபடியும் அதே இடத்தில் விலகியது. ஜன்னல் கதவு வேறு காற்றில் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டது.

"பிந்துறீங்க" என்றார் பலராமன். "ஆதி தாளம்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"எட்டு அட்சரம்மா. நீங்க ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு பின்னால நிக்கறீங்க."

அவள் எண்ணித்தான் பாடினாள். தோழி சந்திரகலா சொல்லித் தந்தது இதுதான்: தட்டி நாலு எண்ணு, அப்புறம் ஒரு தட்டு ஒரு வீச்சு, இன்னொரு தட்டு இன்னொரு வீச்சு. ஒன்றும் தப்பவில்லை.

இன்னும் ஒரு முறை பாடிப் பார்த்தார்கள். பலராமன் மிருதங்கத்தை உறையில் போட ஆரம்பித்தார்.

"குரல் நல்லா இருக்கு. கோச்சுக்காதீங்க. இதுல கீழ வேற அவ்வளவு நேரம் போச்சு. வீடு மொத தட்டுன்னு சொல்லிட்டு நீங்க மாடியில இருக்கீங்க."

"இதுதாங்க மொத தட்டு" என்றான் யூஜின். "கீழ இருக்கற தரைத் தளம் ரெத்ஷோசே. இங்க பிரான்சுக்காரன் விட்டுட்டுப் போன கணக்குதான், அதுல அது சேராது. ஏறினாத்தான் ஒண்ணு."

"நல்ல கணக்கு! கால் வச்சு நிக்கற எடத்த எண்ணாம விடுவாங்களா? எங்க ஊர்ல தரையே ஒண்ணுங்க."

"அப்ப உங்க ஊர்ல எல்லா வீடும் எங்க வீட்டை விட ஒரு தட்டு ஒசரம்!"

யூஜின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முந்தானைக்குள் கை மெல்ல அசைந்தது. தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல். தட்டை அவள் ஒரு நாளும் எண்ணியதில்லை. தட்டிவிட்டு நாலு எண்ணியிருக்கிறாள்; சுற்றுக்கு ஒன்பது.

"ஐயா, தட்டையும் சேத்துத்தானா நாலு?"

பலராமன் திரும்பிப் பார்த்தார். "பின்னே? தட்டு ஒண்ணு, விரல் மூணு."

"இன்னொரு தடவை வாசிப்பீங்களா?"

"வண்டி..."

"ஒரே தடவை."

அவர் நின்றபடியே யோசித்தார். பிறகு உறையை அவிழ்த்து உட்கார்ந்தார்.

இந்த முறை அவள் கையை வெளியே எடுத்து மடிமேல் வைத்தாள். குரல் நடுங்கத்தான் செய்தது. நடு விரலோடு "தாயே" முடிந்தது. இழுக்க இடமில்லை. அடுத்த தட்டில் "காத்தருள்வாயே" விழுந்தபோது மிருதங்கமும் அங்கே இருந்தது. அடுத்த சுற்றிலும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பலராமன் படிகளில் ஓடினார்.

யூஜின் அவளைப் பார்த்தான். "நல்லாத்தான் இருந்தது. ஆனா அந்த 'தாயே' எங்க போச்சு?"

"அதுக்கு எடம் இல்லண்ணா."

அவள் மீண்டும் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடக்கத் தொடங்கினாள், தாளம் போட்டபடி. ஒவ்வொரு சுற்றிலும் ஆள்காட்டி விரல் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. கட்டை விரலால் அதைப் பிடித்து மடக்கிக்கொண்டாள்.