பொம்மைக்கு இன்ஜுரி

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி அது. அங்கே புகார்களுக்கெல்லாம் இங்கிலீஷில் பதில் எழுதுகிறவரை எல்லாரும் பதிலார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தட்டுகிற தட்டில் கீபோர்டு எழுத்தெல்லாம் அழிந்து, ஒவ்வொரு கட்டையும் மொட்டைத் தலையாகப் பளபளத்தது. வேகம் அப்படி. தப்பும் அதே வேகத்தில் வரும்.

போன வாரம் ஒரு பீரோவுக்கு 'இன்ஜுரி' என்று எழுதித் தொலைத்தார். "பீரோ எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?" என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் விசாரித்தார்கள்.

மேனேஜர் அம்மா குரலெடுத்தால் மூன்று தெரு தள்ளி நிற்கிற லாரி தானாகப் பின்னால் போகும். "சாமானுக்கு டேமேஜ், மனுஷனுக்கு இன்ஜுரி! இதுல என்ன சார் குழப்பம்? இன்னொரு தடவ சாமானுக்கு இன்ஜுரின்னு எழுதுனீங்க, அப்பவே வீட்டுக்குக் கிளம்பிடுங்க."

பதிலாருக்கு மனசே ஆறவில்லை. காலுக்கும் அடிபடுகிறது, காருக்கும் அடிபடுகிறது. அடி அடிதானே?

இன்று காலை துணிக்கடைப் பெண் பொம்மை ஒன்றை இறக்கும்போது, அது சரிந்து அவர் மச்சினன் மேலேயே விழுந்தது. சுமை இறக்குகிற அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே பதிலார்தான். அவனுக்கு வலது கையில் நல்ல அடி. பொம்மைக்கு முழங்கையில் விரிசல். அவனை ஆபீஸ் பெஞ்சில் உட்காரவைத்து, பொம்மையைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, மற்றவர்கள் அடுத்த லோடுக்குப் போய்விட்டார்கள்.

"மாமா, உயிர் போகுது."

"இரு மாப்ள. ரிப்போர்ட்ட அனுப்பிட்டா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

தட்டினார். மச்சினன் கை டேமேஜ். பொம்மையின் கை இன்ஜுரி. அனுப்பியும் விட்டார்.

"அட! வலி நின்னுடுச்சு மாமா."

"அப்ப இவ்வளவு நேரம் நடிப்பா?"

"இல்ல மாமா. தட்டிப் பாருங்களேன்."

தட்டினார். டொக் டொக் என்றது. காலி டப்பா மாதிரி. கையில் ஒரு ரோமம் இல்லை. ஐந்து விரல்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வழுவழுப்பு தோளுக்கு ஏறியது.

"மாமா, கழுத்து திரும்ப மாட்டேங்குது. அக்காகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

அக்காவிடமா! உலகத்துப் பேய்களெல்லாம் வரிசையில் நின்றாலும் பதிலார் ஒவ்வொன்றாகக் குசலம் விசாரிப்பார். பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல முடியுமா? கம்ப்யூட்டரிடம் பாய்ந்தார். அதற்குள் பெஞ்சின் மறுகோடியில் யாரோ மெல்ல முனகினார்கள்.

பொம்மையின் விரிசலில் சிவப்பாக ஒரு துளி திரண்டு நின்றது. வரைந்து வைத்த கண் ஒருமுறை இமைத்தது.

திருத்தின ரிப்போர்ட்டில் மச்சினனுக்கு இன்ஜுரி என்று அடித்தாயிற்று. பொம்மையின் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அனுப்பாது. 'டேமேஜ்' என்று பாதி அடிப்பதற்குள், பெஞ்சிலிருந்து நீண்ட சில்லென்ற விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன.

"வேணாங்க." புதுத்துணி சரசரப்பது போலக் குரல். "இப்பத்தான் வலிக்கவே ஆரம்பிச்சிருக்கு. திரும்ப உள்ள ஒண்ணுமே இல்லாமப் போயிடும்."

பதிலார் மச்சினனைப் பார்த்தார். அவன் உதடு திறக்கவில்லை. கன்னம் பெயின்ட் அடித்ததுபோல மினுங்கியது. அடித்ததை அழித்தார். அந்தக் கட்டத்திலும் இன்ஜுரி என்றே எழுதி, வேலைக்கு ஒரு முழுக்குப் போட்டு, அனுப்பினார்.

"ஐயோ, அம்மா!" என்று அலறினான் மச்சினன். பதிலாருக்கு அது கச்சேரியாகக் கேட்டது. பக்கத்திலேயே இன்னொரு அலறல்.

மேனேஜர் அம்மா செல்போனும் கையுமாக வாசலில் நின்றார். "திரும்பவும் சாமானுக்கு இன்ஜுரியா? கிளம்புங்க சார்! ஆமா, யாரு கத்துனது?"

"ரெண்டு பேரும், மேடம்."

"ரெண்டு பேரா? அது பொம்மை சார்! பொம்மை கத்துச்சா?"

பதிலார் தன் பையை மாட்டிக்கொண்டார். "கத்துச்சுன்னு சொல்லாதீங்க மேடம். கத்துனாங்க."

மச்சினனுக்கு வலது தோளையும் அவளுக்கு இடது தோளையும் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தார். இடது தோளில் கிடந்த கை மட்டும் இன்னும் சூடேறவில்லை.