வளைவில் நின்ற வண்டி

அழகையா ஆஸ்பத்திரி அம்புலன்சில் பதினோரு வருஷமாக உதவியாள். டவுன் தீயணைப்பு வண்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் பதுர்தீன்; அழகையா அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பான். லொறி கவிழ்ந்தாலும் கடை எரிந்தாலும் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போவார்கள். பதுர்தீன் ஆளை வெளியே எடுப்பார், அழகையா தூக்கிப்போவான். பேச்சு அதிகம் வேண்டியிருக்காது.

1966 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, எல்கடுவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. அம்புலன்ஸ் முதலில் போய்ச் சேர்ந்தது. கொழுந்து வாட்டும் மேல்மாடியிலிருந்து குதித்த பாப்பம்மா முற்றத்தில் கிடந்தாள். முதுகு முழுவதும் வெந்திருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. காயத்தை மூடிக் கட்டி, அவளை ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

சற்றுக் கீழே, ஓடையை ஒட்டிய வளைவில் பாதையை அடைத்துக்கொண்டு தீயணைப்பு வண்டி நின்றது. தண்ணீர் எடுக்க வேறு இடம் இல்லை. வண்டியின் இன்ஜினில்தான் பம்பும் ஓடியது. குழாய் மலையேறி ஸ்டோர்வரை போயிருந்தது.

அழகையா குதித்து ஓடினான்.

"நானா, வண்டிய பத்தடி பின்னால எடுங்க. பொம்பள தாங்காது."

பதுர்தீன் பம்பின் மேல் கை வைத்தபடி தலையை ஆட்டினார்.

"ஏலாது தம்பி. எடுத்தா தண்ணி நின்டுடும். நம்ம வண்டிப் பொடியன் ரவூப் மாடில ஈக்கான். அங்க ஒருத்தன் மாட்டிக்கிட்டான். படிய தண்ணிதான் காப்பாத்துது."

"எவ்வளவு நேரம்?"

"அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

அழகையா அவர் சட்டையைப் பிடித்தான். அப்படி ஒருநாளும் செய்ததில்லை. பதுர்தீன் அதைத் தட்டிவிடவில்லை. பம்பிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். ஓடைப் பக்கமாக, சேற்றில் வழுக்கி, வண்டியைத் தாண்டி அவளைத் தூக்கிப் போனார்கள். பதுர்தீன் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே பெரிய பாதையில் மரக்கறி லொறி ஒன்றை மறித்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன் பாப்பம்மாவின் மூச்சு நின்றுவிட்டது.

ரவூப் அந்த மனிதனை உயிரோடு தூக்கிவந்தான்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை நடந்தது. வண்டியை நகர்த்தக் கேட்டாயா என்றார் அதிகாரி. கேட்டேன் என்றான் அழகையா. மறுத்தாரா? மறுத்தார். நகர்த்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா?

"தெரியாதுங்க ஐயா."

யார்மேலும் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்கள்.

வெளியே பதுர்தீன் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அவ பொழச்சிருக்க மாட்டாண்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அது பொய்யாயிடும் நானா."

"அப்ப பொழச்சிருப்பாளா?"

"அப்படிச் சொன்னாலும் பொய்தான்."

பதுர்தீன் சுவரில் சாய்ந்தார். பிறகு, "புருஷன போய்ப் பார்க்கணும்" என்றார். "எனக்கு நித்திர வருதில்ல."

"தனியாப் போகாதீங்க. நானும் வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்கடுவை பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தார்கள். பாப்பம்மாவின் புருஷன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். பதுர்தீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்னது தான்தான் என்பதையும் சொன்னார். அவன் கோடரியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாடில இருந்து எடுத்தீங்களே, அந்த ஆளு எப்படி இருக்கான்?" என்றான் கடைசியில்.

"இன்னும் ஆஸ்பத்திரியிலதான்," என்றான் அழகையா. "கால் சரியாக மாசக்கணக்காகும்."

"அவனுக்கு நாலு புள்ளைங்க."

அவ்வளவுதான் சொன்னான். அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினான். உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.