பலகை நின்ற இடம்

சட்டையின் கழுத்துப் பொத்தான் மட்டும் மாட்ட மறுத்தது. உயிரோடு இருந்தபோதும் அண்ணன் அதை மாட்டியதில்லை. துணிக்கடைக்காரத் தங்கை மூன்றாம் முறையாக முயன்றுகொண்டிருந்தபோது, சாலைப் பணி மேற்பார்வையாளர் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

அண்ணன் அவரிடம் கொடி காட்டும் வேலை பார்த்தவர். வேலை நடக்கும் இடத்தில் சாலை ஒற்றை வழியாகச் சுருங்கும். அவர் ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடுவார். நேற்று முற்பகல் ஒரு கார்க்காரர் எச்சரிக்கைப் பலகையைப் பார்ப்பதற்கும் அண்ணனைப் பார்ப்பதற்கும் நடுவில் பிரேக் பிடிக்க இடமில்லை.

மேற்பார்வையாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அறிக்கை அனுப்பணும்க்கா. பலகை வேலை நடக்கிற இடத்துலேர்ந்து நூத்தைம்பது மீட்டர்ல இருக்கணும். அளந்தா அறுபதுலதான் இருந்துச்சு. காத்துல நகர்ந்துடுச்சுன்னு எழுதிடறேன். அவர் பேருக்கும் குறை வராது, யாருக்கும் பழி இல்ல."

"அது மேல எத்தனை மணல் மூட்டை வைப்பீங்க?"

"ரெண்டு."

"காத்து ரெண்டு மூட்டையையும் இறக்கி வச்சு, பலகையை நகர்த்தி, மறுபடி ஏத்தி வச்சுதா? அவ்வளவு வேலை தெரிஞ்ச காத்தை நீங்க மேஸ்திரியா வச்சுக்கலாம்."

அண்ணி கட்டில் ஓரத்தில் அண்ணனுடைய காலுறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நூற்றைம்பதாவது மீட்டர் என்பது தங்கையின் கடை வாசல். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளைப் பலகை பாதி மறைத்தது. மூன்று வாரத்துக்கு முன் அதை நகர்த்தச் சொல்லி அவள் அண்ணனிடம் பேரத்தை ஆரம்பித்தாள். "இது என்ன துணியா, கிழிச்சுக் குடுக்க?" என்றார் அவர். நூறு என்றாள், எண்பது என்றாள், அறுபதில் முடித்தாள். கேட்ட விலையில் பாதிக்கும் கீழே முடித்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். முடித்த சந்தோஷத்தில் அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து அவர் தோளில் போட்டாள். அந்தச் சட்டைதான் இது.

பொத்தானை விட்டுவிட்டு எழுந்தாள்.

"காத்து இல்ல. நான் கேட்டேன், அவர் நகர்த்தினார். அப்படியே எழுதுங்க."

"உங்களையும் விசாரிப்பாங்கக்கா."

"விசாரிக்கட்டும். கடை வச்சிருக்கவ எங்க ஓடப்போறேன்? காத்துன்னு எழுதினா நாளைக்கு அடுத்த கடைக்காரன் வந்து கேப்பான். நீங்களும் நகர்த்துவீங்க."

"எப்போ கேட்ட?" என்றாள் அண்ணி.

"மூணு வாரம் ஆச்சு, அண்ணி."

அண்ணி காலுறைகளை வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தவள் கணவரின் வலது பாதத்தைத் தூக்கி, காலுறையை மாட்டத் தொடங்கினாள்.

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "பலகை பழைய இடத்துக்குப் போகணும். சுத்தி பெயின்ட்ல கட்டம் போடுங்க. நகர்ந்தா ஊருக்கே தெரியணும்."

"வண்டி வரிசை கடை வாசல் வரைக்கும் வந்துடுதேக்கா. ஏற்கெனவே கடைக்காரங்க கத்துறாங்க, பலகையும் வந்தா விடுவாங்களா?"

"ஒரு பக்கத்தை அஞ்சு நிமிஷம் பிடிச்சு வச்சா வராம என்ன செய்யும்? மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் மாத்தி விட்டா வரிசை சேராதுன்னு அண்ணன் தினமும் தட்டுக்கு முன்னாடி உக்காந்து சொல்லுவார். நாங்களும் கேக்கல, நீங்களும் கேக்கல. கத்துற கடைக்காரங்களை நான் பாத்துக்கறேன். முதல் கடை என்னுது."

"சாயங்காலத்துக்குள்ள செஞ்சுடறேன்."

"அண்ணனைக் கொண்டுபோற வண்டி மூணு மணிக்குக் கிளம்புது. அந்த வழியாத்தான் போகுது."

"பெயின்ட் காயணும். நாலரை?"

"மூணு."

"நாலு?"

"தம்பி, இது ஒரே விலைக் கடை."

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. பெட்டியின் ஒரு பக்கம் தங்கை, எதிரே அண்ணி. ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி வழுக்கியது. அண்ணி இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தாள்.

கடைத்தெரு வந்தது. ஈரம் காயாத மஞ்சள் கட்டத்துக்குள் பலகை நின்றது. கண்ணாடிக்குள் இருந்த பொம்மைகள் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை.

ஓட்டுநர் பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். வண்டி மெல்ல மெல்ல அடங்கி, தூரத்தில் சிவப்புக் கொடியோடு நின்ற புது ஆளுக்கு வெகு முன்னால் குலுங்காமல் நின்றது. பெட்டி அசையவில்லை.

அண்ணி ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.