மூன்று பிடி பச்சரிசி

தனபாக்கியத்தின் மூக்கைப் பற்றி அந்தத் தாமான் குடியிருப்பில் பேசாதவர்கள் இல்லை. நாலு வீடு தள்ளி ஓர் அடுப்பில் வெந்தயம் கொஞ்சம் கூடுதலாக வறுபட்டால் இங்கிருந்தே சொல்லிவிடுவாள். சொன்னதோடு விடவும் மாட்டாள். மறுநாள் பாசாரில் அந்தப் பெண்ணைப் பிடித்து, நேற்று புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் கீரை வாங்குவாள். பொடி விஷயத்தில் அப்படி ஒரு கர்வம். அதற்குக் காரணமும் இருந்தது. மாரியம்மன் கோயில் தீமிதி அன்னதானத்துக்குப் பதினாறு வருடமாகச் சாம்பார்ப் பொடி அவள் வீட்டிலிருந்துதான் போயிற்று.

பதினேழாவது வருடம் கோயில் தலைவர் அரிகிருஷ்ணன் பொடி வேலையை அமராவதியிடம் கொடுத்துவிட்டார். அமராவதி ஈப்போவிலிருந்து கல்யாணம் ஆகி வந்து மூன்று வருடம்கூட முடியவில்லை. அவள் வீட்டுக் காதுகுத்தில் தலைவர் சாம்பாரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம். தனபாக்கியத்திடம் அவர் மரியாதையாகத்தான் சொன்னார். உங்களுக்கும் வயசாகிறது, இந்த வருடம் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றார். ஐம்பத்துநாலு வயதில் தனபாக்கியம் யாரிடமும் ஓய்வு கேட்டிருக்கவில்லை. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

தெலுக் இந்தானில் அவர்கள் பக்கத்துக்கு இருந்தது காதர் பாயின் மில் ஒன்றுதான். மிளகாய், மல்லி, மஞ்சள், நெத்திலி எல்லாம் அந்த ஒரே எந்திரத்தில்தான் அரைபடும். அதனால் அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஒரு முறை இருந்தது. கவுச்சி அரைத்தவர் நகர்வதற்கு முன்னால் தன் கையிலிருந்து மூன்று பிடி பச்சரிசி போட்டு எந்திரத்தைக் கழுவிவிட வேண்டும். அந்த அரிசிமாவு பக்கத்திலிருக்கும் தகர டின்னில் விழும். அது பாயின் கோழிகளுக்கு. சண்டைக்காரிகள்கூட அதில் ஏமாற்ற மாட்டார்கள்.

கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருந்தது. கொடியேறிவிட்டால் வீட்டில் கவுச்சி கூடாது. அதற்குள் கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்கு நெத்திலிப் பொடி அனுப்பிவிடலாம் என்று தனபாக்கியம் மில்லுக்குப் போனாள். அரைத்து முடிக்கும் நேரத்தில் அமராவதி இரண்டு பெரிய டின்களோடு வந்து பின்னால் நின்றாள். கோயில் பொடிக்கான சாமான். பன்னிரண்டு கிலோ மல்லி, அதற்கேற்ற மிளகாய், பருப்பு. மூடியைத் திறந்ததும் வறுத்த வாசனை கூடம் முழுக்க ஏறியது. தனபாக்கியத்தின் மூக்கு பொய் சொல்லாது. வறுவல் நன்றாக இருந்தது. அவளுடையதைவிட ஒரு படி நன்றாகவே இருந்தது.

பாய் வாசலில் யாருக்கோ மஞ்சள் நிறுத்துக்கொண்டிருந்தார். தனபாக்கியத்தின் கை பைக்குள் போனது. பேப்பரில் மடித்த பச்சரிசிப் பொட்டலம் விரலில் பட்டது. அதை எடுக்காமல் கை வெளியே வந்தது.

"அரிசி போட்டீங்களாக்கா?" என்று அமராவதி கேட்டாள்.

"பதினாறு வருஷமா அரைக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது? போட்டாச்சு, நீ கொட்டு."

அமராவதி வெட்கப்பட்டு, மன்னிச்சிக்கங்கக்கா என்று சொல்லிவிட்டுக் கொட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனபாக்கியம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவ்வளவு பொடியில் இத்தனூண்டு நெத்திலி எங்கே தெரியப்போகிறது, மறதி யாருக்குத்தான் இல்லை என்று. மறதி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பொட்டலத்தை அரிசிப் பானையில் திரும்பக் கொட்ட மனம் வரவில்லை. அது பையிலேயே கிடந்தது.

கொடியேறிய மூன்றாம் நாள் மாலை, தலைவரும் அமராவதியும் ஒரு டின்னோடு அவள் வீட்டு வாசலில் நின்றார்கள். அமராவதியின் கண்கள் வீங்கியிருந்தன. பொடியில் ஏதோ வாடை வருவதுபோல இருக்கிறது, தன் மூக்கை நம்ப முடியவில்லை, அக்கா பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள்தான் தலைவரை அழைத்து வந்திருந்தாள். விரதக்காரர்கள் நூற்றுக்கு மேல் சாப்பிடும் சாப்பாடு அது.

மூடியைத் திறக்கும் முன்பே தனபாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. வாடை இல்லை என்று சொன்னால் அத்தனை பேரின் விரதமும் கெடும். ஆமாம் என்றால் எப்படி என்று கேட்பார்கள். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து மோந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கவுச்சி இருக்கு," என்றாள்.

எப்படி என்று தலைவர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அமராவதி முந்திக்கொண்டாள். மில்லில் கவனிக்காமல் கொட்டியது தன் தப்புதான், கோயில் சாமான் என்றால் தானும் ஒரு தடவை அரிசி போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதுக்குத்தான் பெரியவங்க கையில குடுக்கணும்கிறது என்றார். பொடி மறுபடியும் தனபாக்கியத்திடம் வந்தது. அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, புதிதாக வறுத்த சாமானை எடுத்துக்கொண்டு அவள் மில்லுக்குக் கிளம்பியபோது அமராவதியும் டின்னைத் தூக்க வந்தாள். வர வேண்டாம் என்று சொல்லத் தனபாக்கியத்துக்கு முகம் இல்லை. அமராவதி ஒரு கிலோ பச்சரிசி கொண்டுவந்திருந்தாள். மில்லில் அதை முழுக்கப் போட்டுக் கழுவினாள். பாயின் கோழி டின் நிறைந்தது.

பாய் டின்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு என் கோழிங்களுக்குக் கல்யாணச் சாப்பாடுலா. அன்னிக்கு நெத்திலி அரைச்சிட்டு ஒண்ணும் போடாம போயிட்டீங்களேம்மா, டின்னு காலியா கெடந்துச்சி," என்று தனபாக்கியத்திடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

தனபாக்கியத்தின் கை பைக்குள் போய் அந்தப் பழைய பொட்டலத்தை வெளியே எடுத்தது. எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பேப்பரெல்லாம் நெத்திலி வாடை. பிரித்து, அந்த மூன்று பிடியை டின்னில் கொட்டினாள். அமராவதி அந்த அரிசியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

மல்லி அரைபட்டு முடிந்தது. பொடி டின்னை மூடித் துணி கட்டும்போதுதான் அமராவதி வாயைத் திறந்தாள்.

"தலைவர்கிட்ட என் தப்புன்னு சொன்னது சொன்னதுதான்க்கா. நான் மாத்திச் சொல்லமாட்டேன்."

திட்டியிருந்தால் தனபாக்கியம் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவளுக்கு அது நன்றாக வரும். இப்போது குனிந்து டின்னின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

தீமிதி முடிந்த மதியம் கோயில் கூடாரத்தில் சாப்பாட்டு வரிசை நீண்டு நின்றது. சாம்பார் வாளி தனபாக்கியம் கையில். நாலு ஆள் தள்ளி அமராவதி அப்பளம் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அவளை எதிலும் கைவைக்க விடவில்லை. வரிசையில் வந்த பெண்கள் அவள் காதில் விழும்படியே, கோயில் பொடியில் கவுச்சி கலந்தவளாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். தனபாக்கியம் குனிந்துகொண்டே ஊற்றினாள். இன்னும் ஒரு ஆள் போகட்டும், இன்னும் ஒரு ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது தலைவர் தட்டை நீட்டினார்.

"இதான்மா சாம்பாரு. ஒங்க கைய யாராலயும் அடிச்சிக்க முடியாது," என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைங்க. நெத்திலி அரைச்சது நானு. அரிசி போடல. போட்டேன்னு பொய் சொன்னேன்."

பின்னால் நின்ற கிழவர் ஒருவர், சீக்கிரம் ஊத்தும்மா வெயிலு தாங்கல என்றார். அவருக்குக் காது கேட்காது. மற்ற எல்லாருக்கும் கேட்டுவிட்டது. தலைவர் அவளையே பார்த்தார். பிறகு தட்டை மெல்ல இழுத்துக்கொண்டார். வெறும் சோற்றோடு நகர்ந்தார். அடுத்தவரும் தட்டை நீட்டவில்லை. கரண்டியிலிருந்த சாம்பார் அவள் கையில் வழிந்தது. சூடு உறைக்கவில்லை.

அமராவதி அப்பளக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தனபாக்கியத்தின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். அதே வாளியில் முக்கி, தலைவரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் சோற்றின் மேல் ஊற்றினாள்.

"சாப்பிடுங்க ஐயா. இந்தப் பொடிக்கு அரிசி நான் போட்டேன்."

தலைவர் சாப்பிட்டார். வரிசை மறுபடி நகர்ந்தது. அமராவதி அவள் பக்கம் திரும்பவில்லை. தனபாக்கியம் கொஞ்ச நேரம் வெறுங்கையோடு நின்றாள். பிறகு போய் அப்பளக் கூடையை எடுத்துக்கொண்டாள்.