மூடுபனிக்கு மேலே அண்ணன்

கேப்டனுக்கு வீட்டில் வாலு என்று பெயர். தோளில் நான்கு பட்டை ஏறி வருஷக்கணக்கான பிறகும் அண்ணன் வாயில் அவள் வாலுதான். பூட்டுக்கடை வைத்திருக்கும் அந்த அண்ணன், தங்கை ஓட்டும் விமானத்தில் அதுவரை ஏறியதே இல்லை. "நீ சைக்கிள் ஓட்டுன லட்சணத்தை நான் பார்த்திருக்கேன். அது போதும்" என்பார்.

அப்படிப்பட்டவர் அன்று காலை பதினான்காவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். காரணம் அவருடைய ஒரே மகள். அவளுக்கு வேற்றூரில் வேலை. கூட வேலை பார்க்கிறவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு நாள் போனில் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். அண்ணனுக்கு அதுதான் உறைத்தது. மாப்பிள்ளையிடம் அவர் ஒரு குறையும் காணவில்லை. "என்கிட்ட கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே. கேக்கலையே!" என்று மூன்று மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாளுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். "வராட்டிப் போங்க" என்று அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவரே தங்கைக்குப் போன் செய்தார்.

"நாளைக்குக் காலைல உன் பிளேன் அங்கதானே போகுது? எடம் இருக்கா?"

"இருக்கு. எதுக்குண்ணா?"

"சும்மாதான்."

வாலு அதற்கு மேல் தோண்டவில்லை. தோண்டினால் மனுஷன் ஏறிய மரத்திலிருந்து இறங்கவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மகளிடமும் மனைவியிடமும் அவர் வாய் திறக்கவில்லை. பதினொரு மணிக்குக் கையெழுத்து. ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாம் என்பது அவர் நினைப்பு.

புறப்பட்ட ஊரில் வானம் கண்ணாடிபோல இருந்தது. போகிற ஊரில் விடியற்காலை மூடுபனி இருக்கும், விமானம் போய்ச் சேருவதற்குள் விலகிவிடும் என்று வானிலை அறிக்கை சொன்னது. வாலு அந்த வார்த்தையை முழுதாக நம்பவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எரிபொருள் போடச் சொன்னாள். அதற்கு மேல் ஏற்றினால் எடை இடிக்கும்.

போய்ப் பார்த்தால் கீழே ஊரையே காணோம். மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே அடிவானம் வரை வெள்ளையாக ஒரே பரப்பு. அதிலிருந்து இரண்டு உயரமான கட்டடங்களின் உச்சியும் ஒரு கோபுரத்தின் சிவப்பு விளக்கும் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. வெயில் வந்தால் பனி ஓடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். விடிந்த கையோடு தரையில் படிந்த பனி கலைந்து எழும்பி, போவதற்கு முன் இன்னும் கெட்டியாவதும் உண்டு.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து நிதானமான ஒரு பெண் குரல் வந்தது. ஓடுபாதையில் இருநூறு மீட்டர் தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது, காத்திருங்கள். அந்த ஓடுபாதைக்கு இருக்கும் கருவிகளை வைத்து இறங்க வேண்டுமானால் ஐந்நூற்று ஐம்பது மீட்டராவது தெரிந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் இறங்க முயற்சி செய்யவே அனுமதி கிடையாது. இவளுக்கு முன்னால் வந்தவர்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வோர் உயரம். ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே நீள்வட்டப் பாதையில். வாலுவுக்குக் கிடைத்தது மேலேயிருந்து இரண்டாவது தட்டு.

சில சுற்று போன பிறகு, பயணிகள் பகுதியிலிருந்து மூத்த பணிப்பெண் உள்பேசியில் கூப்பிட்டாள்.

"மேடம், பதினாலாவது வரிசைல ஒருத்தர், கேப்டன் என் தங்கச்சிதான், எதுக்கு ஒரே எடத்தையே சுத்துறான்னு கேட்டுட்டு வாங்கங்கிறார்."

"மூடுபனின்னு சொல்லுங்க. வழி மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நம்பிடுவார்."

துணை விமானி சிரித்தார். அவர் கை மட்டும் எரிபொருள் கணக்கைக் குறித்துக்கொண்டே இருந்தது. பனியில்லாத பக்கத்து விமான நிலையம் மலைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போய்ச் சேரவும், போன பிறகு அவசரத்துக்கு அரை மணி நேரம் சுற்றவும் வேண்டிய அளவு தொட்டியில் இருந்தே ஆக வேண்டும். அந்த அளவு வரும்வரை காத்திருக்கலாம். வந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

"முந்நூறு" என்றது கட்டுப்பாட்டுக் குரல். அடுத்த சுற்றில், "நானூறு."

"ஏறுது மேடம்" என்றார் துணை விமானி.

"ஃப்யூயல்?"

"இன்னும் ஒரு சுத்து தாங்கும். அவ்வளவுதான்."

அந்தச் சுற்று முடியும்போது நானூற்று ஐம்பது. மேல் தட்டிலிருந்த விமானத்தின் கேப்டன், தன்னிடம் எரிபொருள் நிறைய இருக்கிறது, காத்திருக்கிறேன் என்று வானொலியில் சொல்வது கேட்டது. வாலு எரிபொருள் அளவை இன்னொரு தடவை பார்த்தாள். பின்னால் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதப் பிடிவாதத்தை விழுங்கிவிட்டு வந்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு சுற்று. அவசரத்துக்கு வைத்திருக்கும் அரை மணியில் கொஞ்சம் கடித்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

அண்ணன் இந்த விமானத்தில் இல்லையென்றால் இப்படி யோசிப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் உடனே வந்துவிட்டது.

"போயிடலாம்" என்றாள். "மலைக்கு அந்தப் பக்கம். பாதை கேளுங்க."

அறிவிப்பை அவளே செய்தாள். பயணிகள் பகுதியில் எழுந்த முணுமுணுப்பு மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது.

மலைக்கு அந்தப் பக்கத்து நிலையம் சின்னது. அங்கே இவர்களுக்கு முன்பே மூன்று விமானங்கள் வந்து நின்றிருந்தன. எரிபொருள் வண்டி ஒன்றே ஒன்று. முன்கதவுக்கு ஏணி வந்து சேரவே வெகுநேரம் ஆயிற்று. பத்தரை தாண்டிவிட்டது. வாலு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பயணிகள் நடுவே போனாள். திட்டினவர்களுக்கும் கேள்வி கேட்டவர்களுக்கும் நின்று பதில் சொன்னாள். பதினான்காவது வரிசைக்கு வந்தபோது அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நமக்குப் பின்னால வந்த பிளேன் அங்க எறங்கிடுச்சாம்" என்றார், திரும்பாமலே. "பக்கத்து சீட்டுக்காரர் போன்ல காட்டுனார். நாம திரும்பிப் பத்து நிமிஷத்துல."

வாலுவுக்கு அது ஏற்கெனவே தெரியும். வானொலியில் கேட்டபோதே சுருக்கென்று தைத்திருந்தது.

"ஆமாண்ணா."

"பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாமே வாலு."

"பத்து நிமிஷத்துல வெளுக்கும்னு அப்ப என்கிட்ட யார் சொன்னா? முக்கால் மணி நேரம் ஆகியிருந்தா? இங்க வர்றதுக்கும் பெட்ரோல் இல்லாம, அங்கயும் எறங்க முடியாம உங்களையெல்லாம் எங்க கொண்டு போறது? அவர்கிட்ட இருந்துச்சு, அவர் நின்னார். என்கிட்ட இல்ல."

"உன் அண்ணன் மக கல்யாணம்டீ."

"தெரியும். அதனாலதான் ரெண்டு தடவ யோசிச்சேன். யோசிச்சதே தப்பு."

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். தங்கை முகத்தில் சீண்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"நீங்க வர்றதே அவளுக்குத் தெரியாது. மொதல்ல போன் பண்ணுங்க."

"நான் எப்படிடீ... நீயே சொல்லேன்."

"மாட்டேன். எனக்கு வேலை கெடக்கு" என்று மகளின் எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் திணித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அந்தப் பக்கம், "சொல்லுங்க அத்தை" என்றது குரல்.

"அத்தை இல்ல. நான்தான்" என்றார் அண்ணன். "கிளம்பி வந்தேன். மேல வந்து சுத்திக்கிட்டே இருந்தோம். பனி. இப்ப மலைக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம். என்னால பதினொன்னுக்கு வர முடியாதும்மா."

மகள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். அண்ணன், "சரி... சரிம்மா... சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் மரியாதையாகத் தன் போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அங்கே பதிவு அலுவலக அதிகாரியிடம் நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வேறு ஜோடிகள் வரிசையில் இருந்ததால் அவர் அசையவில்லை. குறித்த நேரத்திலேயே, அண்ணியும் இரண்டு தோழிகளும் சாட்சியாக நிற்கக் கையெழுத்து முடிந்தது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு விமானம் அங்கே போய் இறங்கியபோது மணி ஒன்றரை. அப்போது வானத்தில் பனியின் சுவடுகூட இல்லை. அன்றைக்கு வாலுவின் வேலை அதோடு முடிந்தது. சீருடையோடேயே அண்ணனைக் கூட்டிக்கொண்டு டாக்சி பிடித்தாள்.

சாப்பாட்டுக் கடை வாசலிலேயே மகள் நின்றிருந்தாள். அண்ணன் இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்டியா?" என்றார்.

"இல்லப்பா. உங்களுக்காகத்தான்."

"மூணு மணிவரைக்கும் வயித்தக் காயப் போடுவியா? புத்தியிருக்கா ஒனக்கு?" என்று அதட்டிக்கொண்டே அவள் தோளைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனார். மணி இரண்டேகால்கூட ஆகவில்லை. அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாளே தவிர, நல்ல வேளையாக ஒன்றும் சொல்லவில்லை.

மேஜையில் மாப்பிள்ளை வாலுவுக்கு எதிரே உட்கார்ந்தார். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று கேட்டார்: "இன்னும் பத்து நிமிஷம் அங்கயே இருந்திருந்தா ஆபத்தாயிருக்குமா?"

"தெரியாது" என்றாள் வாலு. "தெரியாததனாலதான் திரும்பினேன்."

மாப்பிள்ளை அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார்.

"மொதல்ல அவள சாப்பிட விடுங்க மாப்ள" என்றார் அண்ணன். "காலைலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல."

சொன்ன பிறகுதான் தன் வாயில் 'மாப்ள' என்று வந்தது அவருக்கே உறைத்தது. மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை எழுந்து போய், வாலுவுக்கும் மாமனாருக்கும் தண்ணீர் எடுத்து வந்து வைத்தார்.